மூன்று கணக்கு, இரண்டு கையெழுத்து

கிராம சபை எந்த ஊரில் கூடினாலும் யாராவது ஒருவர் எழுந்து இதைக் கேட்காமல் விடமாட்டார்: "லட்சக்கணக்குல செலவு பண்ணி சிமென்ட் ரோடு போடுறீங்க, பிள்ளையார் கோயில் முக்குல ஒரு பல்பு மாத்த முடியலையா?" தலைவர் பொறுமைசாலி என்றால் "நிதி இல்லீங்க" என்பார். பொறுமை இல்லாதவர் என்றால் அடுத்த பொருளுக்குப் போய்விடுவார். கேட்டவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பார்: ரோட்டுக்கு இருக்கிற நிதி பல்புக்கு இல்லையாம்!

அந்தச் சிரிப்பில் நியாயம் உண்டு. ஆனால் தலைவர் சொன்னதும் பெரும்பாலும் பொய்யல்ல. ஊராட்சிக்குள் வரும் பணம் எல்லாம் ஒரே பையில் விழுவதில்லை. ரோட்டுப் பணம் வேறு பை, பல்புப் பணம் வேறு பை. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஊராட்சியைத் திட்டினாலும் புகழ்ந்தாலும் ஒன்றுதான்.

முதலில் ஊராட்சிக்கு எது பொறுப்பு, எது இல்லை என்பதைப் பார்த்துவிடலாம். பட்டா, சாதிச் சான்று எல்லாம் வருவாய்த் துறை. அதற்கான ஆள் கிராம நிர்வாக அலுவலர். அவர் ஊராட்சித் தலைவருக்குக் கீழே வேலை செய்பவர் அல்ல. ரேஷன் கடை பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கத்தின் கையில். தெருவிளக்கில் இன்னும் ஒரு சிக்கல்: கம்பமும் கம்பியும் மின் வாரியத்துடையவை, அதில் தொங்கும் விளக்கு ஊராட்சியுடையது. விளக்கு எரியவில்லை என்றால் முதலில் எது பழுது என்று தெரியவேண்டும். பல்பு போயிருந்தால் தலைவர் வாங்கிக் கொடுக்கலாம். கம்பி அறுந்திருந்தால் அவரும் நம்மைப் போல மின் வாரிய அலுவலகத்துக்குப் போன் போட்டுக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் சில வேலைகளை ஊராட்சி கட்டாயம் செய்தாகவேண்டும் என்கிறது. ஊருக்குள் சாலை, சிறு பாலம், தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய், தெருவைக் கூட்டுவது, சுடுகாடு இடுகாடு, குடிநீர். நூலகம், விளையாட்டுத் திடல், சந்தை போன்றவை முடிந்தால் செய்யவேண்டியவை. தமிழ்நாட்டில் 12,500ஐ ஒட்டிய எண்ணிக்கையில் ஊராட்சிகள் இருக்கின்றன. சென்னையை ஒட்டிய தொழிற்பேட்டை ஊருக்கும் ராமநாதபுரத்துக் கண்மாய்க்கரை ஊருக்கும் இதே பட்டியல்தான். இரண்டின் கையிருப்பும் ஒன்றல்ல என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இந்தப் பட்டியலில் ஊரின் பொறுமையை அதிகம் சோதிப்பது குடிநீர். தலைவருக்கு ஓட்டுப் போடுவதும் போடாமல் விடுவதும் இதில்தான். அதை நடத்துகிறவர், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவர் என்று கோப்பில் எழுதப்படும் டேங்க் ஆபரேட்டர். பொழுது விடியும் முன்பே மோட்டார் ரூமைத் திறக்கவேண்டும். மும்முனை மின்சாரம் இருக்கிறதா என்று பார்த்து மோட்டாரைப் போடவேண்டும். தொட்டி நிறைந்ததும் கேட் வால்வைத் தெரு தெருவாகத் திருப்பிவிட வேண்டும். மேட்டுத் தெருவுக்கு முதலில் விட்டால் பள்ளத் தெருக்காரர் சண்டைக்கு வருவார். பள்ளத் தெருவுக்கு முதலில் விட்டால் மேட்டுத் தெருவுக்குக் காற்றுதான் வரும். நடுவில் யாராவது குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் அந்த வரிசையே போச்சு. தொட்டியில் பிளீச்சிங் பவுடர் அளவோடு கலக்கவேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் பிடிக்கும் தண்ணீரிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கவேண்டும் என்பது தரக் கணக்கு. மாதம் இருமுறை தொட்டியைக் கழுவி, கழுவிய தேதியைத் தொட்டியின் தூணில் எழுதவேண்டும். அந்தத் தேதியை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஓர் ஊராட்சி எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிடச் செலவில்லாத தணிக்கை எனக்குத் தெரியாது.

சரி, மோட்டார் எரிந்துவிட்டது என்று வையுங்கள். கோடையில் அடிக்கடி நடப்பதுதான். நீர்மூழ்கி மோட்டாரைக் குழாயோடு மேலே இழுக்க ஆள் வேண்டும், டவுனுக்குக் கொண்டுபோய்க் காயில் கட்டவேண்டும், திரும்ப இறக்கவேண்டும். இதற்கெல்லாம் மன்றக் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டு இருக்க முடியாது. அதற்குள் காலிக் குடங்கள் மெயின் ரோட்டுக்கு வந்துவிடும். தலைவர் தெரிந்த கடையில் சொல்லி வேலையை முடிப்பார், அடுத்த கூட்டத்தில் மன்றத்தின் ஒப்புதல் பெறுவார், பிறகு பணம் கொடுப்பார். கடைக்காரர் அதுவரை காத்திருப்பார். அதனால் ஊராட்சிக்கென்று அவர் சொல்லும் விலையும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். இதில் ஊழல் எங்கே ஆரம்பிக்கிறது, வேறு வழியின்மை எங்கே முடிகிறது என்று வெளியில் இருந்து பார்ப்பவருக்குச் சட்டென்று விளங்காது.

இந்த மோட்டார் செலவு எந்தப் பையில் இருந்து போகிறது என்பதுதான் நம் கேள்விக்கு விடை. ஊராட்சிக்கு வழக்கமாக மூன்று கணக்குகள். முதல் கணக்கு பொது நிதி. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம், குத்தகை, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வரும் மானியத்தில் ஒரு பகுதி எல்லாம் இதில் சேரும். பல்பு, பைப் உடைப்பு, பிளீச்சிங் பவுடர், மோட்டார் ரிப்பேர், ஊழியர் சம்பளம் எல்லாம் இதில் இருந்துதான் போகவேண்டும். இரண்டாம் கணக்கு அரசு நிறுவனங்களுக்குக் கட்டவேண்டிய பாக்கிக்கென்றே ஒதுக்கியது: மின் வாரியத்துக்கு மின்கட்டணம், கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் வாங்கினால் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு அதன் விலை. மூன்றாம் கணக்கு திட்டப் பணம். மத்திய நிதி ஆணைய மானியம் வந்து விழுவது இங்கேதான்.

மூன்றாம் கணக்கில் இருப்பதுதான் பெரிய தொகை. வெளியே தெரிவதும் அதுதான், வேலை நடக்கும் இடத்தில் போர்டு வைத்து மதிப்பீட்டுத் தொகையை எழுதிவிடுவார்கள் அல்லவா. ஆனால் அது கயிறு கட்டி வரும் பணம். 15ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரைக்குமான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும் என்று கட்டிவைத்தது. மிச்சம் 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கேற்பச் செலவழிக்கலாம். ஆனால் சம்பளத்தையோ நிர்வாகச் செலவையோ அதில் இருந்து எடுக்கக்கூடாது. வேறு துறைத் திட்டங்களில் வரும் சாலைப் பணம் சாலைக்கே. ஆக, புதிதாக ஒன்றைக் கட்டப் பணம் கிடைத்துவிடுகிறது. கட்டியதைக் காப்பாற்றத்தான் கிடைப்பதில்லை. சிமென்ட் ரோடு போடும் அதே மாதத்தில் பக்கத்துத் தெருவில் பல்பு எரியாமல் இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

இதில் ஒரு விளைவு யாரும் கவனிக்காதது. புதிய தொட்டி ஒன்று கட்டினால் அதற்கு ஒரு மோட்டார், அந்த மோட்டாருக்கு ஒரு மின் இணைப்பு, அதை இயக்க ஒரு ஆள். கட்டிய செலவு மேலே இருந்து வந்தது. ஆயுள் முழுக்க ஆகும் செலவு ஊராட்சியின் தலையில். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் வந்தது நல்ல காரியம்தான். தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அது வைத்த இலக்கை நாள்தோறும் நிறைவேற்றுவதற்கு ஆகும் மின்கட்டணம் எங்கிருந்து வரும் என்பதைக் குழாய் போடும்போதே மன்றம் பேசியிருக்கவேண்டும். பல ஊரில் பேசவில்லை.

கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்தை ஒட்டிய ஓடந்துறை ஊராட்சி இதை வேறு விதமாக யோசித்தது. 2006இல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவி, தன் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை மின் வாரியத்துக்கே விற்றது. எல்லா ஊருக்கும் இது ஆகாது. ஆனால் இரண்டாம் கணக்கு காலியாவதைத் தடுத்தால் முதல் கணக்குக்கு மூச்சு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த ஒரு மன்றம் இருந்தது என்பதற்குச் சாட்சி அது.

முதல் கணக்குக்கு நேரடியாகப் பணம் சேர்க்கும் வழி வீட்டு வரி. கூரை, ஓடு, காங்கிரீட் என்று தரம் பிரித்துச் சதுர அடிக் கணக்கில் போடப்படும் இந்த வரி, பல ஊர்களில் ஒரு குடும்பம் ஒரு மாதம் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யும் தொகையைக்கூட வருடத்துக்கு எட்டாது. ரசீதைக் கூர்ந்து பார்த்தால் அதிலேயே நூலக வரி என்று ரூபாய்க்குப் பத்துக் காசு சேர்ந்திருக்கும். அது ஊராட்சிக்கு அல்ல, நூலகத் துறைக்குப் போவது. கூரை வீடு இருந்த இடத்தில் மாடி வீடு எழுந்து பத்து வருடம் ஆகியும் பதிவேட்டில் கூரை வீடாகவே இருப்பது சர்வ சாதாரணம். வரியைத் திருத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. தலைவருக்கு மனம் இல்லை. ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாடி வீட்டுக்காரர் வீட்டில் நாலு ஓட்டு. அவரைப் பகைத்துக்கொள்ள எந்தத் தலைவருக்குத்தான் துணிச்சல் வரும்?

தொழில் வரிக்கு அரசமைப்புச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது, ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய். ஊர் எல்லைக்குள் ஒரு தொழிற்சாலையோ பொறியியல் கல்லூரியோ இருந்தால் அந்த ஊராட்சிக்கு அதிர்ஷ்டம். இல்லாத ஊருக்கு மாநில மானியம்தான் கதி.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பொது நிதியில் வீட்டு வரியின் பங்கு சிறியது, அதைக் கூட்டினால் ஊராட்சி தன் காலில் நின்றுவிடும் என்பதெல்லாம் கனவு. ஆனாலும் வரியைச் சரியாகப் போட்டு, சரியாக வசூலிக்கும் ஊரில் கேள்விகள் கூர்மையாக வருகின்றன. நான் கட்டிய பணம் என்ற எண்ணம் வந்தால் ரசீதை மடித்து வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வருகிறார்கள். மேலே இருந்து வந்த பணத்தை யாரும் தன் பணமாக நினைப்பதில்லை. இப்போது வரியை இணையத்திலேயே கட்டும் வசதி வந்துவிட்டது. பஞ்சாயத்து கிளார்க்கைத் தேடி அலைந்தேன், ஆள் இல்லை என்ற பழைய சாக்கு இனி செல்லாது.

பணம் இருந்தாலும் வேலை ஏன் இழுக்கிறது என்பது அடுத்த கேள்வி. ஒரு சிறு பாலத்தை எடுத்துக்கொள்வோம். மன்றம் தீர்மானம் போடவேண்டும். மதிப்பீடு தயாரிக்க இன்ஜினியர் வேண்டும். ஊராட்சிக்கென்று இன்ஜினியர் கிடையாது, யூனியன் ஆபீஸில் இருக்கும் ஓவர்சியரும் உதவிப் பொறியாளரும்தான் ஏகப்பட்ட ஊராட்சிகளுக்கும் பொது. அவர்கள் இடத்தை அளந்து மதிப்பீடு போடவேண்டும். நிர்வாக அனுமதி வரவேண்டும். தொகை வரம்பைத் தாண்டினால் டெண்டர். வேலை முடிந்த பிறகு அவர்களே வந்து அளந்து எம்.புக் என்ற அளவுப் பதிவேட்டில் எழுதவேண்டும். எம்.புக்கில் ஏறாத வேலைக்குப் பில் கிடையாது. ஓவர்சியர் இரண்டு வாரம் வரவில்லை என்றால் வேலை இரண்டு வாரம் நிற்கும், ஊர் தலைவரைத்தான் ஏசும். இன்னொன்று: யூனியன் ஆபீஸில் வட்டார வளர்ச்சி அலுவலர் இரண்டு பேர். ஒருவர் ஒன்றியத்துக்கு, இன்னொருவர் கிராம ஊராட்சிகளுக்கு. மனுவைத் தப்பான பி.டி.ஓ.விடம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய.

எல்லாம் முடிந்து பணம் கொடுக்கும் கட்டத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும்: தலைவர், துணைத்தலைவர். இப்போது காசோலைக்குப் பதில் கணினி வழிப் பரிமாற்றம் வந்துவிட்டாலும் இருவர் ஒப்புதல் என்ற விதி மாறவில்லை. இதன் நோக்கம் எளிமையானது. தலைவரை ஊர் முழுக்கத் தேர்ந்தெடுக்கிறது. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். உறுப்பினர்கள் ஐந்து முதல் பதினைந்து பேர் வரை இருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாமல் ஒரு ரூபாயும் வெளியே போகக்கூடாது என்பதற்கான கடிவாளம் அந்த இரண்டாவது கையெழுத்து.

கடிவாளம் நல்லதுதான், யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து. துணைத்தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால் மோட்டார் கடைக்காரருக்குப் பணம் இல்லை, தூய்மைக் காவலருக்குச் சம்பளம் இல்லை. தூய்மைக் காவலர்களின் ஊதியமே மாதம் 3,600 ரூபாயில் இருந்து 5,000 ஆனதுதான். அதையும் ஒரு மாதம் நிறுத்தினால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்கலாம். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊரிலும், பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊரிலும் இந்தக் கையெழுத்து ஓர் ஆயுதமாகவே மாறியிருக்கிறது. எதிர்ப்பு கையெழுத்தோடு நின்றதும் இல்லை. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் 1996இல் இருந்து 2006 வரை பத்து ஆண்டுகள் தலைவர் நாற்காலியில் தலித் ஒருவரை அமரவிடாமல் தேர்தலையே முடக்கினார்கள். மேலவளவில் 1997இல் தலைவர் முருகேசனோடு இருந்தவர்களையும் சேர்த்துக் கொன்றார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரான பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் வெளியானபோதுதான் பலருக்கு இது பழங்கதை அல்ல என்று உறைத்தது. ஆக, "தலைவர் ஒன்றும் செய்வதில்லை" என்ற பேச்சு காதில் விழும்போது, செய்யவிடுகிறார்களா என்றும் விசாரிக்கவேண்டியிருக்கிறது. தலைவருக்கும் துணைத்தலைவருக்கும் ஒத்தே வராத நிலையில் மாவட்ட ஆட்சியர் தலையிட்டுக் கையெழுத்து அதிகாரத்தை அதிகாரி ஒருவருக்கு மாற்றித்தரலாம். ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர்.

தேர்தல் நடக்காத காலத்தில் என்ன ஆகிறது? 2016 இறுதியில் இருந்து 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே இல்லை. 27 மாவட்டங்களில் 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தனி அலுவலர் என்பவர் வேறு யாரும் இல்லை, அதே பி.டி.ஓ.தான். ஊராட்சியைக் கண்காணிக்கவேண்டியவரே அதை நடத்துகிறார். இரண்டு கையெழுத்தும் யூனியன் ஆபீஸுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. அவர் நேர்மையானவராக இருக்கலாம். ஆனால் பல்பு எரியவில்லை என்று ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. இதற்கு மேல், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்றால் மத்திய நிதி ஆணைய மானியமும் நின்றுபோகும். முந்தைய இடைவெளியில் அப்படித்தான் நின்றது.

மன்றம் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. அது தேர்தலில் வந்து போவதல்ல. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற நான்கு நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து இப்போது ஆண்டுக்கு ஆறு. ஊரின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர் இருந்தால் கூட்டம் செல்லும். 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200, அதற்கு மேல் 300.

உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைப் பற்றி மேடைகளில் பேசாதவர் இல்லை. அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை என்பதை மேடையில் சொல்வதில்லை, அது கிடக்கட்டும். அந்தக் கல்வெட்டில் எனக்குப் பிடித்தது ஓலையைக் குடத்தில் போடும் முறை அல்ல. வாரியம் என்ற குழுவில் இருந்தபோது கணக்குக் காட்டாதவர் மட்டும் அல்ல, அவருடைய உறவினரும் மறுபடி போட்டியிட முடியாது என்ற விதி. பத்தாம் நூற்றாண்டிலேயே மைத்துனர் பெயரில் நடக்கும் வேலையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்றைய கிராம சபையில் கணக்குக் கேட்பது எப்படி? "நிதி எங்கே போச்சு" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஒன்றாம் கணக்கில் போன அரையாண்டில் வரவு எவ்வளவு, தெருவிளக்குச் சாமான் வாங்கியது எவ்வளவு, இருப்புப் பதிவேட்டில் மிச்சம் எத்தனை பல்பு என்று கேட்டால் கிளார்க் புத்தகத்தைப் புரட்டியே ஆகவேண்டும். மின் வாரியப் பாக்கி எவ்வளவு என்பது இரண்டாம் கணக்குக் கேள்வி. வரும் ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் நம் தெரு இருக்கிறதா என்பது மூன்றாம் கணக்குக் கேள்வி. அந்தத் திட்டம் பேசப்படுவது அக்டோபர் 2 கூட்டத்தையொட்டி. அன்றைக்கு வராமல் மே மாதம் வந்து சாலை கேட்டால், எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஊர் விட்டுக்கொடுக்கக்கூடாது. வந்தவர்களிடம் முதலிலேயே கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானத்தைப் பிறகு ஆபீஸில் உட்கார்ந்து நிரப்பும் பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. தீர்மானத்தை எழுதி, வாசித்துக்காட்டிய பிறகு கையெழுத்து என்று நாலு பேர் சேர்ந்து சொன்னால் நடந்துவிடும். இதற்குப் போராட்டம் எல்லாம் தேவையில்லை. வாசித்தது ஒன்றும் பதிவானது ஒன்றுமாக இருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்துத் தீர்மானத்தின் நகலையும், வேலை நடந்திருந்தால் எம்.புக் பக்கத்தின் நகலையும் கேட்கலாம். இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் நம் ஊராட்சியின் பெயரைத் தேடினால் எந்த வேலைக்கு எவ்வளவு போயிருக்கிறது என்பது செல்போனிலேயே தெரியும். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு ஒரு மாலை நேரம் போதும், எட்டாம் வகுப்புப் பிள்ளையைத் துணைக்கு வைத்துக்கொண்டால் இன்னும் சீக்கிரம் முடியும்.